வாளி வீச்சு

செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்த சேதுபதியை யாரும் குமாஸ்தா என்று சொன்னதில்லை. கோச் சார் என்பார்கள். அவர் பயிற்சி கொடுத்து எந்த அணியும் கோப்பை வாங்கியதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதற்காகக் கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு நம்மவர்கள் மரியாதை கெட்டவர்கள் அல்ல.

பட்டத்துக்கான ஆதாரம் அவருடைய அறைச் சுவரில் தொங்கியது. சென்னையில் அவர் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிப் படம். நடு நாற்காலியில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பவர்தான் சேதுபதி. ஒற்றைக் கையில் பந்தைத் தலைக்கு மேல் ஏந்தி, எம்பி, மணிக்கட்டை மட்டும் லேசாக மடக்குவார். பந்து இரும்பு வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கும். பெண்கள் கல்லூரி மாணவிகள் மதில் ஓரமாக நின்று பார்த்தார்கள் என்று சொல்வார். சிங்கப்பூருக்கு வந்த பிறகு அந்த மதில் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போயிற்று. மற்றபடி பொய் சொல்கிற மனிதர் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், தளத்தின் பிரிவுகளுக்குள்ளே கூடைப்பந்துப் போட்டி வைத்தார்கள். கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரிவில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அவர்களும் ஓர் அணி சேர்த்தார்கள். கோச்சுக்கு யாரைப் பிடிப்பது என்ற கேள்வியே எழவில்லை. நட்சத்திரமே பக்கத்து ஸ்டோரில் ஆணியும் கயிறும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததே.

முதல் நாளே சேதுபதி சட்டைக் கையை மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார். "இதுல ஒண்ணுமே இல்லப்பா. இப்படித்தான்" என்று பந்தை விட்டார். விழுந்தது. கைதட்டினார்கள். மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது, மறுபடி கைதட்டினார்கள். பிறகு அவர்கள் விட்டார்கள். பந்து சாக்கடைக்குள் போய் விழுந்தது.

"எப்படி சார் அது?" என்று கேட்டான் பெயின்டர் மருதப்பன்.

"அதான் காட்டினேனே."

"காட்டினீங்க. எப்படின்னு கேக்கிறேன்."

சேதுபதி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். படுத்ததும் தூங்கிப்போகிறவனிடம், எப்படித் தூங்குவது என்று கேட்டால் என்ன சொல்வான்? கண்ணை மூடு என்பான். சேதுபதியும், "வளையத்தைப் பாரு, போடு" என்றார். பிறகு விளக்கத்துக்காக இன்னொரு தடவை போட்டுக் காட்டினார்.

அந்தக் கூட்டத்தில் பந்து வளையத்தில் விழுந்தது ஒருவனுக்குத்தான். நாகூர் கனி, தினக்கூலிப் பெயின்டர், குட்டையான ஆள். கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் பலகைகளில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கீழே நின்று துடைக்கிற துணியைச் சுருட்டி வீசிக் கொடுப்பது அவனுடைய வேலையில் பாதி. கயிற்றில் ஒரு கை, பிரஷ்ஷில் ஒரு கை என்று இருப்பவனின் மடியில் போய் அது உட்கார வேண்டும். அதே மாதிரிதான் பந்தையும் வீசினான். இரண்டு கையாலும் முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, தண்ணீர் வாளியைத் தூக்கி ஊற்றுகிறவனைப் போலக் கீழிருந்து மேலே. அது எழும்பி, நின்று, யோசித்து, வளையத்துக்குள் இறங்கும்.

"பாய் வாளியை எடுத்துட்டாரு, ஒதுங்குங்க லா!" என்று மருதப்பன் கத்துவான். எதிர் அணிச் சீனர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு புள்ளி ஏறிவிடும். அந்த வாளியின் தயவில் பெயின்ட் பிரிவு இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது.

கனிக்கு அது வெறும் ஆட்டம் இல்லை. தளத்தின் பொது அணிக்கு எடுத்தால் தினக்கூலி நிரந்தரமாகும். நிரந்தரமானால் குவாட்டர்ஸ் கிடைக்கும். குவாட்டர்ஸ் கிடைத்தால் நாகப்பட்டினத்தில் இருக்கும் சம்சுன்னிசா கப்பலேறலாம். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் அவளோடு இருந்துவிட்டு வந்தவன். மகள் பரீதா பிறந்ததைக் கேள்விப்பட்டதோடு சரி. இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் பிரிவின் வெள்ளைக்கார துரையே வருகிறார், ஆளைத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான் என்று செய்தி வந்தது.

கனியைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் சேதுபதி. துரையின் முன்னால், நம்முடைய ஆள், குளியலறையில் நிற்கிறவனைப் போல் குனிந்து நின்று பந்து போடுவதா? இவனுக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்கிற ஆசைதான் அவரைக் கெடுத்தது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பார்.

"கனி, இனிமே அந்த வாளி வேணாம். ஒத்தைக் கை. மேலேருந்து."

"விழுதுல்ல சார், விட்டுடுங்க லா" என்றான் மருதப்பன்.

"விழுறது முக்கியமில்ல மருதப்பா. எப்படி விழுதுன்னு இருக்கு. துரை பார்க்கிறாரு."

கனி இரு பக்கமும் பார்த்தான். "சார் படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் சேதுபதி அவனுடைய முழங்கையைத் தூக்கிவிட்டார், மணிக்கட்டை மடக்கிவிட்டார். இறுதி ஆட்டம் வருவதற்குள் கனியின் நிற்கும் அழகு சுவரில் தொங்கிய படத்துக்கு ஒத்து வந்துவிட்டது. பந்து விழவில்லை என்பது ஒன்றுதான் குறை. "அது தானா வரும்" என்றார் சேதுபதி. அவருக்குத் தானாகத்தானே வந்தது.

இறுதி ஆட்டத்தில் கனி அழகாகப் போட்டான். எதுவும் விழவில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பெயின்ட் பிரிவு ஒரு புள்ளி பின்தங்கி நின்றது; எதிரி தள்ளிவிட்டதற்காகக் கனிக்கு இரண்டு தடவை தனியாகப் போடும் வாய்ப்பு கிடைத்தது. கோட்டில் நின்றான். கைகள் மெல்ல முழங்காலை நோக்கி இறங்கின. பாதியில் நிறுத்திச் சேதுபதியைத் திரும்பிப் பார்த்தான்.

சேதுபதி தலையை அசைத்தார். கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மணிக்கட்டை மடக்கிக் காட்டினார்.

இரண்டும் வளையத்தில் இடித்து வெளியே போயின.

துரை நேராகச் சேதுபதியிடம் வந்து, சுற்றி நின்றவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் கேட்டார்: "கீழேயிருந்து வீசுவானே ஒருத்தன், அவனைப் பார்க்கத்தான் வந்தேன். இன்றைக்கு அவனுக்கு என்ன வந்தது?"

"கொஞ்சம் காய்ச்சல்" என்றார் சேதுபதி.

"பாவம். அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று துரை போய்விட்டார்.

"என்ன சார் சொன்னாரு?" என்று ஓடி வந்தான் கனி. வேர்வை துடைக்கக்கூட இல்லை.

"நல்லா நிக்கிறேன்னு சொன்னாரு."

கனியின் முகம் மலர்ந்தது. சேதுபதி பிற்காலத்தில் எதை மறந்தாலும் அந்த மலர்ச்சியை மறக்க முடியாமல் இருந்தார்.

அடுத்த வருடம் துரை இங்கிலாந்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கனி ரகசியமாகப் பழைய வீச்சுக்குத் திரும்பப் பார்த்தான். கை இறங்கியது, ஆனால் மணிக்கட்டு பாதி வழியில் புதிய பாடத்தை நினைத்துக்கொண்டு மடங்கியது. பந்து அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் போயிற்று. அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேதுபதியும் தாமாகவே விலகிக்கொண்டார். நட்சத்திரமே வேண்டாம் என்று, வாழ்நாளில் ஒரு பந்தும் வளையத்தில் போடாத வேலாயுதத்தைக் கோச் ஆக்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஆகவே நட்சத்திரமாக இல்லாதிருப்பதும் ஒரு தகுதி அல்ல என்று தெரிந்தது. மறுபடி சேதுபதியையே கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். கோச் சார் என்ற பெயர் மட்டும் மறுக்க மறுக்க நின்றது.

அறுபத்தொன்றில் சம்சுன்னிசா குடற்காய்ச்சலில் இறந்துபோனாள். கனி அப்போதும் தினக்கூலிதான். சிராங்கூன் சாலையில் ஒரு கடை மாடியில் பத்துப் பேரோடு படுத்துக்கொண்டிருந்தான். ஊரோடு போய்விடுவதென்று முடிவு செய்து, சொல்லிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பவாங்குக்கு வந்தான்.

"புள்ளைக்கு ஆறு வயசாச்சு சார். போட்டோவிலதான் என்னைத் தெரியும். யாரு நீங்கன்னு கேப்பா."

சேதுபதி உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். துரை கேட்டது, தாம் சொன்ன காய்ச்சல், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. ஆனால் அவர் எதையும் சொல்லித் தெரியாதவர். காட்டத்தான் தெரியும். "வா" என்று கனியை ஆளில்லாத களத்துக்குக் கூட்டிப் போனார்.

"உன் வாளியை எவ்வளவு நாள் பார்த்திருக்கேன். இப்படித்தானே?"

கோட்டில் நின்றார். வயிறு சற்றே தள்ளியிருந்தது. பந்தை முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு, முதுகை வளைத்து, கனியின் பழைய தோளசைவோடு மேலே வீசினார். அது எழும்பி, நின்று, யோசித்து, வலைக்குள் இறங்கியது.

கனி கைதட்டினான். மனதாரத்தான் தட்டினான். "நீங்க எப்படிப் போட்டாலும் விழும் சார்."

"நீ போடு. உன்னுதுதானே அது. போடு கனி."

கனி பந்தை வாங்கிக்கொண்டான். குனிந்தான். கைகள் இறங்கின. சேதுபதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை பேசக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. கனி மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கு" என்றார் சேதுபதி.

"சரி சார்" என்று கனி மடக்கினான்.