மேற்கே பார்த்த வாய்க்கால்

ஆதம்பாவா காக்கா காலமாகிவிட்டார். சவளக்கடைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானை. நான் என் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் போனில் கோல் எடுத்தான்: "காக்கா, வாப்பா மௌத்தாப் போயிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

நான் போய்ச் சேருமுன்பே ஊர்ப் பிரமுகர்கள் பெனர் கட்டிவிட்டார்கள். 'இன ஒற்றுமையின் பெருந்தூண்' என்று போட்டிருந்தது. கட்டியவர்களின் பெயர்கள் மௌத்தானவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தன. அந்தத் தூணுக்கு முன்னால் இவர்கள் நின்ற இலட்சணத்தை நான் கண்ணால் கண்டவன்.

என் கடையின் மேல்மாடியில், இங்கே படிக்க வந்த இந்திய மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களில் பூனம் பீகார்ப் பிள்ளை. தீபாவளி கழிந்ததும் அவர்களுக்குச் சத் பண்டிகை வரும். தண்ணீரில் நின்று, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் சுளகில் பழம் வைத்துக் காட்ட வேண்டும். நோன்பு திறக்கும்வரை தண்ணீரும் குடிக்கக் கூடாது. போன வருடம் அவளுடைய தாய் நோயில் விழுந்து, நேர்த்தியை மகளிடம் ஒப்படைத்திருந்தார். "ஒரு வருடம் விட்டால் அம்மாவின் நேர்த்தி அறுந்துவிடும், அங்கிள்" என்று அழுதாள்.

உதிக்கிற சூரியனுக்குக் கிழக்கே நம்முடைய கடல் இருக்கிறது. மறைகிற சூரியன் வயல்களுக்குப் பின்னால் அல்லவா விழுகிறது? மேற்கே பார்த்த வாய்க்கால்தான் வழி. அவளுக்குச் சுளகையும் கரும்பையும் விற்றுவிட்டு, அனுமதி கேட்கப் பெரிய மனிதர்களிடம் போனேன். அதுதான் நான் செய்த மடத்தனம். கோயில் பிரமுகர், "இது எங்கட பண்டிகை இல்லையே, பள்ளிவாசல்காரர் சம்மதிச்சாப் பார்ப்பம்" என்றார். பள்ளிவாசல் பிரமுகர், கோயில்காரர் கடிதம் தரட்டும் என்றார். கடைசியில் இருவரும் ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: வாய்க்கால் கரையில் கூட்டம், கதிரை, போட்டோ.

அன்று பிள்ளை உதடு வெடித்துக் கரையில் நிற்கிறாள். பொழுது சாய்கிறது. இவர்களுக்கோ முன்வரிசையில் யார் இருப்பது என்ற வழக்குத் தீரவில்லை. மண்வெட்டியோடு வந்தார் ஆதம்பாவா காக்கா.

"ஆருடா இந்தப் புள்ள?"

"நோன்பு, காக்கா. பொழுது பட முந்தித் தண்ணிக்குள்ள நிக்கணும்" என்றேன்.

"நோன்பாளியக் கரையில நிக்க வெச்சிப்போட்டு என்னத்தடா கதைக்கிறீங்க?"

"இல்ல காக்கா, கலந்து பேசி ஒரு முடிவு..." என்று பள்ளிவாசல் பிரமுகர் இழுத்தார்.

"ஒங்கட முடிவுக்குப் பொழுது நிக்குமா? கதிரையத் தூக்குங்க, வரம்பு இடியிது!"

மடையில் பலகையை இறக்கித் தண்ணீரை மறித்தார். வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு ஏறியது. என்னிடம் தன் நிபந்தனையைச் சொன்னார்; பூனம் சுளகோடு இறங்கினாள். போனைத் தூக்கிய பிரமுகர்களைப் பார்த்து, "படம் புடிச்சா போனோட வாய்க்காலுக்குள்ளதான்" என்றார் காக்கா. ஒருவரும் பிடிக்கவில்லை.

அவரைத் தங்கமான மனிதர் என்று எழுத மாட்டேன். சலாம் சொன்னால் உறுமுவார். ஒரு போகம் என் காணிக்குத் தண்ணீரைப் பிந்தி விட்டுப் பயிரைக் காயவிட்டவர். ஆனாலும் பெனர்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்தாலும் அவர் இறக்கிய அந்த ஒரு பலகைக்கு ஈடாக மாட்டார்கள்.

இந்த வருடச் சத் பண்டிகைக்கு அவர் நினைவாக அதே கரையில் மேடை போடப் போகிறார்களாம். நான் முந்திக்கொண்டேன். இப்போது மடையைப் பார்ப்பது அவருடைய மகன். பூனத்தைக் கூட்டிப்போய் அவனிடம் பேசி முடித்தேன். காக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்று அவர் போட்ட நிபந்தனைதான்; அதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. பொழுது படும்வரை வாய்க்கால் பிள்ளைகளுக்கு. கரும்புச் சக்கை, வாழையிலை எல்லாம் அவர்களோடு திரும்பிப் போக வேண்டும். கதிரை வரக் கூடாது. கூலி, காலையில் நோன்பு திறந்ததும் அவர்கள் சுட்ட பலகாரத்தில் முதல் பங்கு மடைக்காரனுக்கு.