குரல் வராத படம்

எங்கள் கீலுங் துறைமுகத்தில் ஒரு சாவு விழுந்தால் மூன்று பேருக்கு ஆள் வரும். நாள் குறிப்பவருக்கு, பூவுக்காக எனக்கு, படத்துக்காக ஆ-குன்னுக்கு. சடங்கு மண்டபத்து வாசலில் என் பூக்கடை, அதை ஒட்டி அவன் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும்.

செத்தவருடைய பழைய புகைப்படங்கள், கல்யாண வீடியோ, யாரோ ஒருவர் போனில் தற்செயலாகக் கிடந்த சிரிப்பு, எல்லாவற்றையும் ஒட்டித் தைத்து ஒரு படமாக்குவான். பெட்டியை மூடுவதற்கு முன் அதை மண்டபத்தில் ஓட்டுவார்கள். ஊரே அவனிடம்தான் போகும். ஆனால் பெண் கொடுக்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை, சாவை வைத்துச் சாப்பிடுகிறவனாம். நானும் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். என் வாய்க்குப் பயந்து யாரும் கேட்பதில்லை.

பீரோங் மட்டும் அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தாள். அவளுடைய அப்பா யே, அடுத்த தெருவில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிறவர். பிறவியிலேயே கண் தெரியாது. தாயில்லாமல் வளர்த்த பெண். "பொணத்தைப் படம் புடிக்கிறவன் வீட்டுப் படியேறினா, நீ எனக்கு மகளே இல்ல" என்றார். அவள் ஏறினாள். அன்றோடு அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. ஒரே தெருவைக் கடந்தால் போதும், இரண்டு பேரும் கடக்கவில்லை. அப்படி ஒரு வீம்பு!

ஆ-குன்னிடம் வருகிறவர்கள், "எது ரொம்ப உசத்தியோ அதுலயே போட்டுக் குடு" என்பார்கள். அவனுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"உசத்தி தாழ்த்தின்னு ஒண்ணும் இல்லீங்க. எதுல ஓடப்போவுது, யாரு கேக்கப்போறாங்க, அதைச் சொல்லுங்க. ஃபைலுங்கிறது ஒரு பெட்டி மாதிரி. உள்ள படத்தை ஒரு விதமா மடிச்சு வெச்சிருக்கும், குரலை இன்னொரு விதமா மடிச்சு வெச்சிருக்கும். நம்ம மண்டபத்து மெஷின் இருக்கே, அது கிழட்டு மெஷின். எம்பி4ல போட்டு, குரலையும் சின்னதா மடிச்சுக் குடுத்தாத்தான் அதுக்குப் பிரிக்கத் தெரியும். மடிக்காமக் குடுத்தா முழிக்கும்."

அதனால் வீட்டில் வைத்துக்கொள்ளப் பெரியதாக ஒன்று, மண்டபத்துக்குச் சின்னதாக ஒன்று என்று கொடுப்பான். அதோடும் விடமாட்டான். முதல் நாளே மண்டபத்துக்குப் போய், கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, முழுப் படத்தையும் சத்தத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

"ஏன்டா, கடையிலயே பாத்தாச்சுல்ல?" என்று கேட்டால், "என் கம்ப்யூட்டர் என் பேச்சைக் கேக்கும்க்கா. அந்தக் கிழட்டுப் பய கேக்க மாட்டான்" என்பான்.

புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகத்தான் இருந்தார்கள். யார் கண் பட்டதோ, பீரோங்குக்குக் கணையத்தில் கட்டி வந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றிவிட்டது. எலும்பும் தோலுமாக என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, எனக்கு மஞ்ச சாமந்தி வெச்சே, எந்திரிச்சு வந்து அடிப்பேன். வெள்ளை லில்லி வை. காசை இவன்கிட்டக் கறந்துக்கோ" என்பாள். நான், "வாயை மூடுடி" என்று திட்டிவிட்டு உள்ளே போய் அழுவேன்.

ஒருநாள் ஆ-குன்னை வெளியே தள்ளிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு, கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து ஏதோ பேசினாள். கதவைத் திறந்ததும், "இது அப்பாவுக்கு. நீ கேக்கக் கூடாது. மண்டபத்துல, நான் பக்கத்துல படுத்திருக்கும்போது அவருதான் மொதல்ல கேக்கணும். சத்தியம் பண்ணு" என்றாள். அவன் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழை விடாத மார்கழிக் குளிரில் போய்ச் சேர்ந்தாள். பாவி, என்னைவிட எத்தனை சின்னவள்.

அவன் அவளுக்குப் படம் தைத்த அன்று தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக ஒரே சிரிப்பு திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிடும். எட்டிப் பார்த்தேன். சத்தத்தை அடைத்துவிட்டு, திரையில் அவள் குரல் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டை மட்டும் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தான். சேமியா சூப்பைப் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.

"இவ குரலை மட்டும் மடிக்க மாட்டேன்க்கா" என்றான். "சின்னதாக்கினா ஏதாவது ஒண்ணு தேஞ்சு போவும். அவ மூச்சுகூடக் குறையக் கூடாது. பெருசாவே போடுறேன்."

எனக்கு என்ன தெரியும்? "போடு ராசா, உன் பொண்டாட்டி" என்றேன்.

மண்டபத்துக்கும் போய் ஓட்டிப் பார்த்தான். ஆனால் சத்தியம் செய்திருக்கிறானே, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தான். படம் தடங்கலில்லாமல் ஓடியது. மெஷின் முழிக்கவில்லையே, குரலும் வந்துவிடும் என்று நினைத்து வந்துவிட்டான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

மறுநாள் யேவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தது நான்தான். சலவைச் சட்டை போட்டு, தலையை நீவி வந்திருந்தார். "என்ன பேசியிருக்கா?" என்று வழியெல்லாம் கேட்டார். "யாருக்கும் தெரியாதுண்ணே. நீங்கதான் மொதல்ல கேக்கணுமாம்" என்றேன். அவர் பிடி இறுகியது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் பீரோங் வந்தாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் யே.

"ஆரம்பிச்சிருச்சுண்ணே."

"சத்தமே வரலியே."

ஆ-குன் மெஷினைத் திருகினான், பென் டிரைவைப் பிடுங்கிச் செருகினான். அப்புறம் அப்படியே நின்றான். புரிந்துவிட்டது அவனுக்கு. மடிக்காத குரலை அந்தக் கிழட்டு மெஷினுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. துக்க உடையோடு மழையில் கடைக்கு ஓடினான், சின்னதாக்கிக் கொண்டுவர. அது உடனே ஆகிற வேலையா?

சடங்கு நடத்தும் லோ என்னிடம் குனிந்தார். "குறிச்ச நேரம் தாண்டுதும்மா. அடுத்த குடும்பம் வெளிய நிக்குது. குரல் எங்க போயிடப்போவுது, வீட்ல வெச்சு நிதானமாக் கேக்கலாமே." அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. பெற்ற பிள்ளையின் பெட்டி மூடும்போது பெற்றவர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். யேவை வெளியே கூட்டிவந்து தாழ்வாரத்தில் நிறுத்தினேன்.

"பேச மாட்டேன்னுட்டா, இல்ல?" என்றார். "என் மகதானே."

"மெஷின் கெட்டுப் போச்சுண்ணே" என்றேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்குக் காது ரொம்பக் கூர்மை, ஒவ்வொரு அடிக்கும் தோள் குலுங்கியது. ஆ-குன் பென் டிரைவைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தபோது பெட்டி மூடியாகிவிட்டது.

எல்லாம் முடிந்து, சாயங்காலம் யே வீட்டுக்குப் போனோம். ஆ-குன் போனை அவர் கையில் வைத்து அமுக்கினான். அவனும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

"அப்பா, நான் பீரோங். இந்தத் திரைக்குப் பின்னாலதான் படுத்திருக்கேன். பெட்டி மூடுற வரைக்கும் செத்தவங்களுக்குக் காது கேக்கும்னு நீதானே சொல்லுவ? கோவம் போச்சாப்பா? ஒரு வார்த்தை சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

அப்புறம் பேச்சு இல்லை. அவர் பதில் சொல்வதற்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"போச்சு" என்றார் யே. "அது என்னைக்கோ போச்சு மகளே."

போன் நின்றுவிட்டது. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அவளுக்குக் கேட்டிருக்குமா?" என்றார். ஆ-குன் தரையில் விழுந்து, "மாமா, நான்தான் மாமா, என்னாலதான்" என்று நெற்றியை முட்டிக்கொண்டான். அவர் தடவிப் பார்த்து அவன் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

"அழாத. திரும்பப் போடு" என்றார்.

இன்றைக்கும் பூக்கூடையோடு அந்தத் தெருவில் போகிறேன். அந்தப் போன் அவரிடம்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பீரோங் கேட்பது காதில் விழும். அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறார்.