பீரோவில் பூட்டிய கன்வெர்ட்டர்

நான் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தேன். அவள் செய்யாத தவற்றை அவள் செய்ததாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். எழுதும்போது இரண்டு எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்தினேன்.

கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பெண் எனக்குக் கீழே ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்தாள். ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். அந்தத் தெருவில் பட்டம் வாங்கி, மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான்.

நான் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தபோது எங்களுக்குப் புதிய மடிக்கணினிகள் வந்தன. பழையவை செங்கல்லைப் போலக் கனக்கும். பக்கவாட்டில் அகலமான துளைகள் வரிசையாக இருக்கும். புதியவை ஒரு நோட்டுப்புத்தகத்தின் தடிமன்தான். ஒரு பக்கத்தில் மட்டும் வேப்பங்கொட்டை அளவில் இரண்டு சிறு துளைகள். சார்ஜரை மாட்டினால் அதில் ஒன்று போய்விடும். ஆனால் எங்களிடம் இருந்த கைரேகை பதியும் மெஷின், பிரிண்டர், பென் டிரைவ் எல்லாமே பழைய அகல முனை கொண்டவை. வாங்கியவர்கள் அதை யோசிக்கவில்லை. அவள் முதல் நாளே சொன்னாள்.

"சார், இதுல ரேகை மெஷின் மாட்ட முடியாதுங்க. இது சி டைப்பு. நம்மகிட்ட இருக்கற ஒயரெல்லாம் பழசு."

"சரியாப் பாத்து மாட்டும்மா. திருப்பிப் போட்டுப் பாரு."

"எப்படித் திருப்பினாலும் போவாதுங்க சார். வாயே சின்னது."

"கவர்மென்ட்ல தெரியாமலா வாங்குவாங்க? குடு இப்படி."

நானே வாங்கி அழுத்தினேன். புத்தம்புதிய கணினியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். கதவருகே நின்றிருந்த ஜீப் ஓட்டுநர், "சார், எலி வளையில யானைய உடப் பாக்கறீங்க" என்றார். அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள். முதுகலை படித்த எனக்கு அந்தச் சிரிப்பு உள்ளே தங்கிவிட்டது. பின்னால் நான் செய்ததற்கு இது காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்யும்போது அது துணைக்கு வந்தது.

இதற்கென்று கன்வெர்ட்டர் என ஒன்று உண்டு. சுண்டுவிரலில் பாதி நீளம். ஒரு முனை சின்னத் துளைக்குள் போகும், மறுமுனையில் பழைய ஒயரை மாட்டலாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் அவளே தன் கைக்காசில் ஒன்று வாங்கிவந்து, ஒரு வாரம் வேலையை ஓட்டினாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். சொந்தச் சாமானை அரசாங்க மெஷினில் மாட்டக் கூடாது, வைரஸ் வரும் என்று சொல்லிப் பிடுங்கி பீரோவில் போட்டேன். அதில் வைரஸ் வராது என்று அவள் பொறுமையாக விளக்கியது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. பிறகு எழுதிக் கேட்டு அலுவலகத்துக்கென்று ஒன்று வந்தது. அதுவும் பீரோவுக்குத்தான் போனது.

எங்கள் அலுவலக வழக்கம் அப்படி. சிறிய பொருள் எதுவும் மேசைமேல் கிடக்கக் கூடாது. முத்திரை, கால்குலேட்டர், ஸ்டேப்ளர் எல்லாவற்றையும் காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், மாலையில் ஒப்படைக்க வேண்டும். பீரோ சாவி என் அரைஞாண் கயிற்றில் இருக்கும். தினமும் பதிவேட்டை எடுத்து நீட்டுவது எனக்குச் சலிப்பு. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே அடுத்த வாரத்துத் தேதிகளை எழுதி, எல்லோரிடமும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிவிடுவேன். கண்ணால் பார்க்காத பொருளுக்குப் 'பெற்றுக்கொண்டேன்' என்று முன்கூட்டியே எழுதித் தருவது எங்களில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"இன்னும் வாங்காத பொருளுக்கு இப்பவே இன்னாத்துக்கு சார் கையெழுத்து?"

"போடும்மா. உன் சொத்தையா எழுதி வாங்கறேன்?"

சிரித்துக்கொண்டே போட்டாள்.

அப்போது கல்வராயன் மலையில் ஒரு முகாம் போட்டார்கள். மாத உதவித்தொகை பெறுகிற முதியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று ரேகை வைத்துப் பதிய வேண்டும். வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே இருக்கும் ஊர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் கிளம்பும், நான் வந்து பீரோவைத் திறந்து கொடுப்பதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமையே நான் திருக்கோவிலூருக்குப் போய்விட்டேன். மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழா திங்கள் காலை. விடுப்பு எழுதித் தரவில்லை. பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. முகாம் சுத்தமாக நினைவில் இல்லை. ஆறேகாலுக்கு அவள் போன் செய்தாள்.

"சார், எல்லாரும் ஆபீஸ் வாசல்ல நிக்கறோம். பீரோ சாவி உங்ககிட்டதானுங்களே இருக்கு?"

"நேத்தே கேட்டிருக்கணும் இல்ல?"

"நேத்து ஞாயித்துக்கெழம சார்."

நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் கேட்க, வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"டிரைவர் அண்ணன் அங்கயே வந்து சாவிய வாங்கிக்கினு வந்துடறேன்றாரு சார். மொகாம் கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான்."

ஜீப் திருக்கோவிலூர் வந்தால் வண்டிக் குறிப்பேட்டில் அந்த ஊர் பதிவாகும். அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போனது தெரிந்துபோகும். "அதெல்லாம் வேணாம். போய் எப்படியாவது சமாளி" என்று சொல்லிப் போனை அணைத்தேன். பந்தியில் போய் உட்கார்ந்தேன். கேசரி நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

மலையில் நடந்ததை ஓட்டுநர் பிறகு சொன்னார். போகிற வழியெல்லாம் இறங்கி இறங்கிக் கடை தேடியிருக்கிறாள். கடைகள் திறக்கவில்லை, திறந்திருந்த ஒன்றில் சார்ஜர் ஒயர்தான் இருந்தது. முகாமில் காட்டுப்பாதையில் விடியலிலேயே நடந்து வந்த கிழவர்களும் கிழவிகளும் காத்திருந்தார்கள். கணினி ஒரு பக்கம், ரேகை மெஷின் ஒரு பக்கம், நடுவே அரை விரல் நீளத்துக்கு ஒன்று இல்லை. கோல் ஊன்றிய ஒரு பெரியவர், "நாங்க உசுரோடதான் கீறோம். உங்க மிஷினு செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறார். மதியம்வரை உட்கார்ந்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்பிப் போயிருக்கிறார்கள். அன்று மாலையே புகார் மேலே போனது.

ஓய்வுபெறும் காலத்தில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தால் ஓய்வூதியமே சிக்கிக்கொள்ளும் என்பது அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போனேன். பீரோவைத் திறந்து கன்வெர்ட்டரை எடுத்து, அவள் மேசை இழுப்பறையில் காகிதங்களுக்கு அடியில் வைத்தேன். பிறகுதான் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். முகாமுக்கான பொருள் முன்கூட்டியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, அவர் அலட்சியமாக விட்டுச் சென்றுள்ளார், பதிவேட்டில் ஒப்புதல் உள்ளது.

அதிகாரி எங்கள் இருவரையும் அழைத்தார். பதிவேடு திறந்திருந்தது. அவள் இழுப்பறையில் தேடி எடுத்த கன்வெர்ட்டரும் பக்கத்தில் இருந்தது.

"இது உன் கையெழுத்தாம்மா?"

"என்னுதுதாங்க சார். ஆனா முன்னாடியே போடச் சொல்லி..."

"பெற்றுக்கொண்டேன்னு எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்குங்க. நான் சாருக்குக் காலைல போன் பண்ணேங்க. சாவி கேட்டேங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஜீப் கிளம்புகிறது என்று சொல்லத்தான் போன் செய்தாள் என்றேன். அவள் என் பக்கம் திரும்பி, நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோலக் காத்திருந்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஓட்டுநரை யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த வாரமே அவளை நிறுத்தினார்கள். ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி, மறுபடி எடுக்கக் கூடாதவர்களின் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தது. எனக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். 'குறையொன்றும் இல்லாத பணிக்காலம்' என்று பேசினார்கள்.

மூன்று ஆண்டு கழித்து என் மகன் எனக்கு ஒரு மடிக்கணினி வாங்கித் தந்தான். அதிலும் அதே இரண்டு துளைகள். இறந்துபோன என் மனைவியின் படங்கள் இருக்கும் பென் டிரைவ் அதில் போகவில்லை. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே அதே வரிசைக் கடைகளில் ஒன்றில் கன்வெர்ட்டர் கேட்டேன். கடைக்காரர் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது அங்கே இருந்தபோது என்னால் கையை மூட முடியவில்லை. வாங்காமலே திரும்பிவிட்டேன். அன்று உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி நான்கு பக்கம் எழுதினேன். இழுப்பறையில் வைத்ததையும் எழுதினேன்.

கடிதத்தை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டு போனேன். என் நாற்காலியில் இருந்த புதிய கண்காணிப்பாளர் மரியாதையாக டீ வாங்கித் தந்தார். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"யார் பேர்ல சார் நான் ஃபைல் போடறது? அந்த ஏஜென்சியே போயி வேற ஏஜென்சி வந்துட்டான். பழைய ரிஜிஸ்டரையெல்லாம் கழிச்சாச்சு."

"அப்ப அந்தப் பட்டியல்?"

"அது மட்டும் கம்ப்யூட்டர்ல இருக்குது சார். புது ஏஜென்சிக்கு அப்படியே குடுத்துட்டாங்க."

அவளை நிறுத்தப் பயன்பட்ட கையெழுத்து இல்லை. அதனால் பட்டியலில் ஏறிய பெயர் மட்டும் இருந்தது. புறப்படும்போது அவர் பீரோவைத் திறந்து காட்டினார். காய்ந்த முத்திரை மைப் பெட்டியோடு அந்தக் கன்வெர்ட்டர் கிடந்தது. பக்கத்திலேயே அவளிடம் நான் பிடுங்கிய அவளுடைய கன்வெர்ட்டர். "இப்ப ரேகை மெஷின், பிரிண்டர் எல்லாமே சி டைப்புல வந்துடுச்சு சார். இது எதுக்கும் ஆவறதில்ல. ஆசையா இருந்தா எடுத்துக்கினு போங்க" என்று சிரித்தார். அவளுடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவள் சின்னசேலத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்வதாக ஓட்டுநர் சொன்னார். போனேன். மின்கட்டணம், டிக்கெட் என்று ஆட்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். பழைய பழக்கம், எழுந்துவிட்டோமே என்று உடனே முகம் மாறியது.

கடிதத்தையும் கன்வெர்ட்டரையும் மேசைமேல் வைத்தேன். நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தாள்.

"டிராயர்ல வெச்சது நீங்கதானா? ராத்திரி பகலா யோசிச்சேன் சார், எனக்கே மறந்துபோய் நாமளே வெச்சிருப்போமோன்னு. என்னையே நம்பாம பண்ணிட்டீங்க."

"மன்னிச்சிடும்மா."

"இத எனக்கு எழுதிக் குடுத்து இன்னா ஆவப்போவுது? எங்கப்பாவுக்கு வந்து சொல்லுங்க. கவர்மென்ட் பொருள தொலைச்சிட்டு வேலைய உட்டவளுன்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்காரு. தங்கச்சிய அதனாலதான் காலேஜிக்கு அனுப்பல. எங்க வூட்ல வந்து, அவரு எதிர்ல, உங்க வாயால சொல்லுங்க."

கன்வெர்ட்டரை என் பக்கமே தள்ளிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தத் தெருவுக்குள் என்னைப் போன்ற ஒருவர் வேட்டி சட்டையோடு நடந்து வருவதே அங்கே ஒரு சேதி. அவள் அப்பா பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவர ஓடினார், பிறகு கலர் சோடா வாங்க ஆள் அனுப்பினார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என்னுடையது, உங்கள் மகள்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "செரிங்கய்யா, செரிங்கய்யா" என்று தலையாட்டினார்.

"அந்தப் பொருளு எம்மாம் பெருசுங்கய்யா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இம்மாத்தூண்டா? இதப் பத்திரமா வெச்சிக்கத் தெரியலியா இவளுக்கு!"

"ஐயோ, அப்பா! அவரு சொல்றத காதுல வாங்கு!" என்று அவள் கத்தினாள்.

அவர் அவளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "பெரிய மனசு பண்ணி வூடு தேடி வந்திருக்கீங்க. புள்ள ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க." நான் மறுபடி ஆரம்பித்தேன். அதற்குள் கலர் வந்துவிட்டது. அதைக் குடிக்கும்வரை யாரும் என்னைப் பேசவிடவில்லை.

பத்து நாள் கழித்து அவளே போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், ஊர்ல இன்னா பேசிக்கறாங்க தெரியுமா? நான்தான் ஆபீசருக்குத் துரோகம் பண்ணிட்டேனாம். நீங்க நேர்ல வந்து என்ன மன்னிச்சிட்டுப் போனீங்களாம். எங்கப்பாவே டீக்கடைல பெருமையாச் சொல்லிக்கினு இருக்காரு."

"நான் மறுபடி வரேம்மா. எல்லாரையும் கூட்டி வெச்சுத் தெளிவாச் சொல்றேன்."

"வேணாங்க சார். நீங்க எத்தினி வாட்டி வந்தாலும் அத்தினி வாட்டி என்ன மன்னிச்சதாதான் ஆவும்."

வைத்துவிட்டாள்.