நான் கேட்ட நேர்கோடு

நிலநடுக்கம் எப்படி இருக்கும் என்று சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அந்தப் பாடத்தை டிஜிட்டல் முறையில் நடத்துவதற்கான ஆசிரியர் பயிற்சிக்குப் பள்ளியில் என்னையே அனுப்பினார்கள். இரண்டே நாளில் நிபுணனாகி ஊர் திரும்பினேன்.

ஒன்பதாம் வகுப்புத் தொடுதிரையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம் வரும். விரலால் தள்ளி நடுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டடத்தைக் காப்பாற்றுவதுதான் பாடம். நாற்பது பேரில் ஒருவர்கூடக் காப்பாற்றவில்லை. இடித்துத் தள்ளுவதற்கு வரிசையில் நின்றார்கள்.

அடுத்தது வீட்டுப்பாடம். செல்போனைத் தரையில் வைத்தால் அதிர்வைக் கோடாக வரைந்து காட்டும் செயலி ஒன்று இருக்கிறது. ஐந்து நிமிடம் பதிவு செய்து வரச் சொன்னேன். நம் ஊரில் நிலநடுக்கம் இல்லை, ஆகவே நேர்கோடுதான் வரவேண்டும். விடையை முதலிலேயே சொல்லிவிடுவது என் கற்பித்தல் முறை. நன்றாகச் செய்பவரை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவேன் என்று ஆசையும் காட்டினேன்.

முன்பெஞ்சு மாணவி ஒருத்திக்கு அந்தக் கண்காட்சி மேல் உயிர். மூன்று தடவை தேதி கேட்டுவிட்டாள். ஆனால் அவள் கொண்டுவந்த கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்கியது.

"ஏட்டி, போனைக் கையில வச்சு ஆட்டுனியா?"

"இல்ல சார். தரையிலதான் வச்சேன். அதுவா ஆடுது."

"அப்ப உங்க தெருவுக்கு மட்டும் பூகம்பம் வந்திருக்கு, என்ன?"

வகுப்பே சிரித்தது. என் நகைச்சுவை எனக்கும் பிடித்திருந்தது. அதை அழித்துவிட்டு வேறு எடுத்து வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ஸ்கேல் வைத்து வரைந்தது போல ஒரு கோட்டைக் காட்டினாள். "வெரிகுட்" என்றேன். நேர்மையின் அருமை பற்றி வகுப்புக்கு இரண்டு நிமிடம் பேசினேன். கண்காட்சிக்கு அவளையே தேர்ந்தெடுத்தேன். அவள் முகத்தில் ஏன் சந்தோஷமே இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பெற்றோர் கையெழுத்து வாங்க ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டிலும் தறி, எதிர்வீட்டிலும் தறி. அவள் அம்மா காபியைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். டம்ளருக்குள் வளையம் வளையமாக அலை எழுந்தது. அதிர்வு என் உள்ளங்காலில் புகுந்து முழங்கால் வரை ஏறியது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கத்திக் கேட்டேன்.

"கரண்ட் இருக்கிற வரைக்கும் இப்படித்தான் சார்" என்றார் அம்மா. "நின்னாத்தான் எங்களுக்குத் திக்குன்னு இருக்கும்."

மாணவியைப் பார்த்தேன். "அப்ப அந்த நேர்கோடு?"

"கரண்ட் போற வரைக்கும் காத்திருந்து எடுத்தேன் சார். நீங்க நேர்கோடுதான கேட்டிய."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளதை உள்ளபடி கொண்டுவந்தவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன். எனக்காகச் சமாளித்துக் கொண்டுவந்தபோது நேர்மை பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

"கண்காட்சிக்கு முதல்ல எடுத்ததையே கொண்டு போ" என்றேன்.

"அத அன்னைக்கே அழிச்சிட்டேன் சார்."

"அதனால என்ன, இப்பவே இன்னொண்ணு எடு."

அவள் செயலியைத் திறந்தாள். ஆனால் தரையில் வைக்காமல் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க சார். நான் வச்சா ஆட்டுனேன்னு சொல்லுவிய."

வாங்கித் தரையில் வைத்தேன். அவள் பார்க்கும்படி இரண்டு கைகளையும் எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன்.