டேங்கில் நல்ல தண்ணீர்

அந்தக் கரையில் அவனைச் சுக்கான் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. படகைத் திருப்புவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற நடையே சொல்லிவிடும்.

அந்த நடையைப் புயல் பிடுங்கிக்கொண்டது. நடுக்கடலில் படகு கவிழ்ந்தபோது அவனோடு தங்கை புருஷனும் இருந்தார். இவன் ஒரு காலி கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினான். மச்சான் ஒதுங்கவில்லை.

புயலுக்குப் பிறகு ஒரு நிவாரண சங்கத்தார் வந்தார்கள். நாலு குடும்பத்துக்கு ஒரு படகு, ஒரு இன்ஜின் என்று கொடுத்தார்கள். புருஷனை இழந்த அவன் தங்கைக்கு இன்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்து, கரையிலேயே ஒரு கொட்டகையும் போட்டுத் தந்தார்கள். "பொம்பளை தொட்ட இன்ஜின் சோறுதான் பொங்கும்" என்று சிரித்தவர்கள், தங்கள் படகு போய்த் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்கள். சுக்கானின் படகு மட்டும் கிளம்புவேனா என்று அடம்பிடித்தது.

ஏன் என்று சுக்கானுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் வந்து, டேங்க் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெயோடு ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறவனே அவன்தான். அலையில் கால் பட்டாலே கவிழ்ந்த படகுதான் கண்ணில் நின்றது. வெளியில் சொல்ல முடியுமா? சுக்கானாவது, கடலுக்குப் பயப்படுவதாவது! செய்வது ஈனமான வேலை என்று தெரிந்துதான் செய்தான். அதிலும் ஒரு கூத்து. காலடியில் ஒரு கடலே கிடக்க, வீட்டுக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். உப்புத் தண்ணீர் இன்ஜினை அரித்துவிடுமாம். இன்ஜினுக்குப் பாவம் பார்த்த மகராசன், கூட வருகிற மூன்று குடும்பத்துக்குப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலையில் படகில் பங்குள்ள மற்ற மூவரும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். சுக்கானும் பின்னாலேயே வந்து ஓரமாக நின்றான்.

"நீ கத்துக்கிட்ட லட்சணம் இதுதானாம்மா?" என்றார் மூவரில் பெரியவர். "டவுன்ல ஒரு மெக்கானிக் இருக்கான். சங்கத்துல சொல்லி இந்தக் கொட்டகைய அவனுக்கே விட்டுடலாம்னு இருக்கோம்."

தங்கை இன்ஜினைக் கீழே இறக்கச் சொன்னாள். டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் வடித்தாள். மண்ணெண்ணெய் மேலே நின்றது, தண்ணீர் அடியில் தங்கியது. ஒரு குழாயை விட்டு அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள். உப்பு இல்லை.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். கெடுக்க வருகிற யாரும் கடல் தண்ணீரைத்தான் அள்ளி ஊற்றுவார்கள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் இன்ஜின் கழுவ ஒரு குடம் தூக்கிக்கொண்டு ஓடி, அண்ணியிடம் வாங்கிக்கட்டிக்கொள்கிற ஆள் அவள் குடும்பத்தில் ஒருவன்தான். சுக்கானுக்கு முகம் சுண்டிவிட்டது.

"தப்பு என்னோடதுதான் மாமா" என்றாள் அவள், பெரியவரிடம். "டேங்கக் கழுவிட்டுச் சரியா காயவைக்காம விட்டுட்டேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

சும்மா இருந்திருந்தால் அவன் மானம் தப்பியிருக்கும், அவள் பிழைப்பு போயிருக்கும். ஒரு நொடி சும்மாதான் இருந்தான். அந்த ஒரு நொடிக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அவ பொய் சொல்றா. தண்ணி ஊத்துனது நான். எனக்குக் கடல்னா பயமா இருக்கு."

"அடப்பாவி!" என்றார் பெரியவர். "வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நீ கரையில இருடான்னுட்டு நாங்க போயிருப்போமே. எங்க வீட்ல அடுப்பே எரியலடா."

அவர்கள் அவனை அடித்திருந்தால்கூடத் தேவலை. யாரும் கை ஓங்கவில்லை. தங்கை டேங்கைத் துடைத்து மாட்டிக் கொடுத்தாள். மூவரும் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்ஜின் முதல் இழுப்பிலேயே உறுமியது.

கொட்டகையில் அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். "மன்னிச்சிடும்மா" என்றான் அவன், மண்ணைப் பார்த்துக்கொண்டே.

"பயம்னு என்கிட்ட சொல்றதுக்கு என்னண்ணே?" என்றாள். "அவரு போனதிலேருந்து அலைச் சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது. நடுங்கிக்கிட்டேதான் உங்க இன்ஜினக் கழட்டி மாட்டுறேன்."

அவன் அப்போதுதான் பார்த்தான். ஸ்பேனர் பிடித்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கைக்குத்தான் அவன் தினமும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருந்தான்.