கொழுந்து மடுவத்தில் பக்கம் பிரிந்த நாள்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமையிலும் ஈரச் சாக்கின் வாடை போகாது. அந்த வாடைக்குள்தான் அன்று, ஸ்பிரிங்வெளிப் பக்கத்து எங்கள் தோட்டத்தின் "நடுக்கணக்கு" சனம் முழுவதும் நெருக்கியடித்து நின்றது. வாக்கு வயது வராத நான் கூடைகளின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் தொழிலாளர் சங்கத்தின் வேட்பாளர் யார் என்பதை அப்போதெல்லாம் தோட்டமேதான் முடிவு செய்தது. "கணக்கு" என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு பிரிவிலும் கூட்டம் நடக்கும். சீட்டு, பெட்டி எதுவும் கிடையாது. போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்க, பிடித்தவர் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். மூவர் நின்றால், ஆள் குறைந்தவர் விலகிக்கொள்ள, அவர் பின்னால் நின்றவர்கள் மற்ற இருவரில் ஒருவரிடம் போக வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் ஜனாதிபதி வேட்பாளரைக்கூட இப்படிக் கூடிநின்றுதான் தேர்ந்தெடுத்தார்கள் என்று அண்மையில் ஒரு காணொளியில் பார்த்தபோது எனக்கு அந்த மடுவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மற்ற மாநிலங்களில் வாக்குச்சீட்டாம், கொடுத்து வைத்தவர்கள்.

அன்று நின்றவர்கள் மூன்று பேர். ஏற்கெனவே சபையில் இருந்த என் தாய்மாமா, அப்பாவின் சிநேகிதரான, லொறி ஓட்டும் செல்வம் அண்ணன், என் அம்மா. மாமா போன தேர்தலில் சொன்ன தண்ணீர்க் குழாய் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து சேரவேயில்லை. "கொழுந்து எடுக்கிறது பூரா நாங்க, எலெக்சன்ல நிக்க மட்டும் ஆம்பளைங்களா?" என்று கேட்டுவிட்டு, கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராகவே அம்மா இறங்கிவிட்டார். மேற்கணக்கு மாமாவுக்குப் போயிருந்தது, கீழ்க்கணக்கு அம்மாவுக்கு. மிச்சம் நாங்கள்தான்.

அப்பாவோ விவரமாக செல்வம் அண்ணன் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்பாவுக்கு ஃபெக்டரி வேலை வாங்கித் தந்தவர் மாமா. வீட்டில் சோறு போடுகிறவர் அம்மா. சிநேகிதனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றால் இருவராலும் ஒன்றும் சொல்ல முடியாதல்லவா. ஆனால் தலையை எண்ணியதும் செல்வம் அண்ணன் விலக வேண்டியதாயிற்று. அவருடைய ஆட்கள் பிரிந்து இரண்டு பக்கமும் நடந்தார்கள். நடுவில் அப்பா மட்டும் நின்றார்.

"வாங்க மச்சான்" என்றார் மாமா, மெதுவாகத்தான். அம்மா கூப்பிடவில்லை, சேலை நுனியை விரலில் முறுக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தார். போய்விடுங்கள் அப்பா, அம்மாவிடம் போய்விடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

எண்ணிப் பார்த்ததில் இரு பக்கமும் சமம். சமமானால் ஏற்கெனவே இருப்பவருக்கே என்பது சங்கத்தின் வழக்கம். மாமாவுக்கு மாலை போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குச் சோற்றை வைத்துவிட்டு அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நீங்க எங்கண்ணன் பக்கம் நின்னிருந்தாகூட எனக்கு மனசு ஆறியிருக்குங்க." அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

இப்போது அந்தக் கூட்டங்கள் இல்லை. சங்கத்தின் பதுளை அலுவலகத்தில் முடிவு செய்து, வேட்பாளர் பெயரைத் தொலைபேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை; இதுதான் நல்லது என்கிறார் அப்பா. அம்மா அதற்கு இன்றுவரை ஆமாம் சொன்னதில்லை.