மன்னருக்குப் போட்ட மாலை

எங்கோ இருக்கும் ஓர் அரபு நாட்டு மன்னர் நலமாக இருக்கிறாரா என்று மாதம் ஒருமுறை செல்போனில் தேடிப் பார்க்கிறேன். என் கணவருக்குத் தெரிந்தால் சிரிப்பார். இதை எழுதுவதுகூடச் சரிதானா என்று தெரியவில்லை.

எனக்கு அப்போது ஆறு வயது. என் மகளுக்கு இப்போது உள்ள வயது. அப்பாவும், அத்தையின் கணவரான மாமாவும் அந்த நாட்டில் ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டினார்கள். வேலையை விட்டு ஓடிவிட்டதாக அவர் கொடுத்த புகாரில் இருவரையும் சிறையில் போட்டுவிட்டார்கள். தூத்துக்குடி வீட்டில் அம்மா, அத்தை, நான் மூவர்தான்.

"யாராவது எம்.எல்.ஏ.வப் பாத்துச் சொல்லலாம்லா?" என்று அம்மா கேட்டாள்.

"அங்கன ஏது மதினி எம்.எல்.ஏ.? மந்திரிய வைக்கது ராசா, ஜட்ஜ வைக்கது ராசா, மன்னிச்சு விடுததும் ராசாதான். நம்மூர்ல ஒரு கையெழுத்துக்கு ஒம்பது ஆபீஸ் ஏறணும். அங்கன ஒரே ஆளு" என்றாள் அத்தை.

அந்த ஒரே ஆளுக்கு மனு அனுப்பினார்கள். அப்பா முன்பு கொண்டுவந்த காலண்டரில் இருந்த மன்னர் படத்தை வெட்டி, அட்டையில் ஒட்டி, சாமி காலண்டர்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள் அம்மா. கடல் காற்றில் முருகர் படபடப்பார், மன்னர் அசையமாட்டார். எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்த்தார். சாமிக்குச் செய்வதை இவருக்கும் செய்தால் மனம் இரங்குவார் என்று தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டூலில் ஏறி, பிச்சிப்பூச் சரத்தை மாலையாகப் போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்தேன்.

அம்மா கன்னத்தில் அறைந்தாள். "ஏளா, உசுரோட இருக்க மனுசன் போட்டோவுக்கு யாராது மாலை போடுவாவளா?" பூவைப் பிய்த்தெறிந்தாள். குங்குமம்தான் போகவில்லை, துடைக்கத் துடைக்கப் பரவி நெற்றி முழுதும் சிவந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மன்னர் இறந்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள். அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என் கைகளைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. அன்று அம்மா எனக்குச் சோறு ஊட்டிவிட்டாள்.

பட்டத்துக்கு வந்த புது மன்னர், இறந்தவரின் மகன், கைதிகள் சிலரை மன்னித்து விடுவித்தார். பட்டியலில் அப்பா பெயர் இருந்தது. மாமா பெயர் இல்லை.

"ஒரே புகாரு, ஒரே ரூம்ல அடைச்சிருந்தாவ. என்னய விட்டவரு மாப்பிளைய ஏன் விடலன்னு யாருட்டப் போய்க் கேக்க?" என்றார் வீடு வந்த அப்பா. தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

எனக்கோ உள்ளூரப் பெருமை. மாலை பிடித்துப்போய், சாகும் முன் மகனிடம் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் ராசா!

மறுநாள் மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். பேப்பரில் வந்த புது மன்னர் படத்தை அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தாள். மடியிலிருந்து பிச்சிப்பூச் சரம் ஒன்றை எடுத்தாள்.

"ஒங்கையால போடு, தாயி."

மாமாவும் வந்துவிடுவார் என்ற சந்தோஷத்தில் ஏறினேன். புது மன்னருக்குச் சின்ன வயது, புன்னகைத்தார். மாலையை நேராக இழுத்துவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று கேட்கத் திரும்பினேன். அடுக்களை நிலையில் அம்மா நின்றிருந்தாள். முதல் தடவை அறைந்த அம்மா, இம்முறை போய்த் தெருக்கதவைச் சாத்தியது ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.